தரியா தௌலத் போர் ஓவியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் யார் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை, மைசூர்ப் பக்கம் காவிரித் தீவில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒதுக்கியாக வேண்டும். ரங்கநாதர், நிமிஷாம்பாள், அப்புறம் சங்கமத்தில் பரிசல். நடுவில் 'திப்பு அரண்மனை' என்று தரியா தௌலத் தோட்ட மாளிகைக்குப் பதினைந்து நிமிடம். பல வருடங்களாகக் கூட்டிப்போகும் வேலை என்னுடையது. மாளிகையின் மேற்குச் சுவரை நிறைத்திருக்கும் பொள்ளிலூர்ப் போர் ஓவியத்தின் முன் நின்றதும் அத்தை, சித்தப்பா, கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வண்டியில் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவைத்துவிட்டேன்.

இது எந்தப் போர்? எங்கே நடந்தது?

கர்நாடகத்தில் இருக்கிற ஓவியம் என்பதால் போரும் இந்தப் பக்கம் நடந்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடந்தது காஞ்சிபுரம் பக்கத்தில். இன்று நாம் புள்ளலூர் என்று சொல்கிற கிராமத்தை ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதிவைத்தார்கள். நாள் 1780 செப்டம்பர் 10. குண்டூரிலிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லி ஒரு படையோடு தெற்கே வருகிறார். காஞ்சிபுரத்தில் காத்திருக்கும் ஹெக்டர் மன்றோவின் பெரிய படையோடு சேர்ந்துகொள்வது திட்டம். இரண்டும் சேர்வதற்குள் மைசூரின் திப்புவும், பின்னாலேயே அவர் அப்பா ஹைதர் அலியும் வந்து பெய்லியை வளைத்துக்கொண்டார்கள். கடைசி நேரத்தில் மன்றோ அனுப்பிய உதவிப் படையையும் சேர்த்து பெய்லியிடம் ஏறக்குறைய 3,800 பேர் இருந்தார்கள். வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்ததும் ஆட்டம் முடிந்தது.

மன்றோ என்ன செய்தார் என்று கேட்பீர்கள். தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு சென்னைக்கே திரும்பிவிட்டார். பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுவரப்பட்டு 1782-ல் அங்கேயே இறந்தார். அவருடைய நினைவு மண்டபம் இன்னும் அந்தத் தீவில் இருக்கிறது. லக்னோவில் ரெசிடென்ட்டாக, அதாவது கும்பெனியின் பிரதிநிதியாக இருந்த அவர் உறவினர் 1816-ல் கட்டியது.

இன்னொரு சங்கதி. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்வதும் புள்ளலூரில்தான். அந்த எதிரி யார் என்று செப்பேடு பெயர் சொல்லவில்லை. வாதாபியின் இரண்டாம் புலிகேசி என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. அப்படியானால் கன்னட நாட்டுப் படை காஞ்சியை நோக்கி வந்து அதே ஊரில் மோதியது இது இரண்டாம் தடவை!

சுவர் முழுக்க ஆட்களாக இருக்கிறதே, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பெய்லியிடமிருந்து தொடங்குங்கள். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுர வியூகம் கட்டி நிற்கிறார்கள் இல்லையா, அதன் நடுவில் ஒரு பல்லக்கு. அதில் காயம்பட்ட பெய்லி, விரலைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலேயே வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. அங்கிருந்து கண்ணை வெளியே நகர்த்தினால் நாலா பக்கமும் மைசூர்க் குதிரைப்படை. ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சு அதிகாரி லாலி கையில் தொலைநோக்கியோடு நிற்கிறார். இன்னும் தள்ளி யானை மேல் திப்பு, பூ ஒன்றை முகர்ந்துகொண்டு. எதிராளி விரலைக் கடிக்கிறான், நம்மாள் பூவை முகர்கிறான். இந்த ஓவியம் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் கூட்டம்.

கிட்டே இருப்பது பெரிது, தூரத்தில் இருப்பது சிறிது என்ற கணக்கு இங்கே கிடையாது. ஆட்கள் வரிசை வரிசையாக மேலே மேலே அடுக்கப்பட்டிருக்கிறார்கள். கோயில் தேரில் சிற்பத் தட்டுகளைப் பார்ப்பது போலத் தட்டுத் தட்டாகப் பார்த்தால் குழப்பம் இருக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். கும்பெனிச் சிப்பாய்களின் முகங்கள் எல்லாம் ஒரே அச்சு, மழுமழுவென்று. மைசூர்ப் பக்கம்தான் மீசையும் தாடியும்.

சுவரின் மறு பகுதியில் ஹைதரும் திப்புவும் படையோடு புறப்படும் ஊர்வலம். ஹைதராபாத் நிஜாம் தாமதமாக வந்து சேரும் காட்சியில் ஒரு பசுவும் ஒரு பன்றியும் இருக்கும். அது நிஜாமுக்கு வைத்த குத்து என்பது வழிகாட்டிகள் விடாமல் சொல்லும் விளக்கம். நிஜாமோடு திப்புவுக்கு இருந்த உறவைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

அந்தச் சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்களா?

இல்லை. பெரும்பாலோர் சென்னைப் படையின் இந்தியச் சிப்பாய்கள். அதாவது தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். போரில் உயிரோடு பிடிபட்ட ஐரோப்பியர் சுமார் 200 பேர். மீதிக் கணக்கில் நம்மூர்க்காரர்கள்தான் அதிகம். நெல்லூர்ப் பக்கமோ செங்கல்பட்டுப் பக்கமோ இருந்து சம்பளத்துக்குச் சேர்ந்த யாரோ.

எங்கள் அல்சூருக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு கும்பெனிப் படை அந்தத் தீவிலேயே தங்கியது. கொசுவும் காய்ச்சலும் தாங்க முடியவில்லை. 1809 வாக்கில் படையைப் பெங்களூருக்கு மாற்றி, அல்சூரை ஒட்டித் தண்டு (கன்டோன்மென்ட்) அமைத்தார்கள். சென்னைப் படையோடு வந்த சிப்பாய்கள், சமையல்காரர்கள், துணி வெளுப்பவர்கள், கடை வைத்தவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் இங்கே குடியேறியது அந்த வழியில்தான். 'நமக்கும் திப்புவுக்கும் என்ன சம்பந்தம்' என்று எங்கள் சித்தப்பா கேட்டபோது, சுவரில் அந்தச் சிவப்பு வரிசையைத்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது திப்பு காலத்தில் வரைந்த அதே ஓவியமா?

எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பவர்கள்தான் குறைவு.

மாளிகை 1784-ல் கட்டப்பட்டது. ஓவியமும் திப்பு வரையச் சொன்னதுதான். ஆனால் இன்று நம் கண்ணில் படும் வண்ணத்தில் எவ்வளவு அந்தக் கையினுடையது என்பது வேறு கதை. பழைய மைசூர் கெசட்டியர் என்ற அரசு விவர நூல் சொல்லும் வரிசை இது. 1799 முற்றுகைக்கு முன்பே ஓவியம் சிதைக்கப்பட்டிருந்தது. கோட்டை விழுந்த பிறகு ஆர்தர் வெல்லெஸ்லி இந்த மாளிகையில் குடியிருந்தார், பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே ஆள். அவர் ஓவியத்தைச் சரிசெய்ய வைத்தார். அதன் பிறகு யாரோ வெள்ளையடித்து, ஏறக்குறைய அழிந்தே போனது. 1850களின் நடுவில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி சுற்றுப்பயணமாக வந்தபோது, பழைய ஓவியம் நினைவில் இருந்த ஒரு நாட்டு ஓவியரைக் கொண்டு மறுபடி வரையச் சொன்னார்.

அந்தக் கடைசி வரியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். 1850களில் உயிரோடு இருந்த ஓவியர் சின்ன வயதில் பார்த்தது பெரும்பாலும் வெல்லெஸ்லி சரிசெய்ததாகத்தான் இருக்கும், திப்பு காலத்துச் சுவர் அல்ல. ஆக, திருத்தியதை நினைவில் வைத்துத் திருத்தியது. பாட்டி சொன்ன கதையை அம்மா சொல்லி, அம்மா சொன்னதை நாம் சொல்வது போல. கதை அதேதான், வார்த்தை வேறு.

தோற்றவர்களின் ஆள்தான் தங்கள் தோல்வியைக் காட்டும் ஓவியத்தைக் காசு கொடுத்துப் புதுப்பித்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். ஜெயித்து முடித்த பிறகு பழைய தோல்வியை மாட்டி வைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்திருக்கும் போல.

பின்னால் கை வைத்தார்கள் என்பதற்குச் சுவரிலேயே ஏதாவது தடயம் இருக்கிறதா?

இருக்கிறது. கிழக்குச் சுவருக்குப் போங்கள். அங்கே சின்னச் சின்னத் தர்பார்க் காட்சிகள், ஒவ்வொன்றிலும் ஒரு அரசர். தஞ்சாவூர் ராஜா, குடகு ராஜா, ஆற்காட்டு நவாப், சித்தூர் ராணி, சித்ரதுர்க்கத்து மதகரி நாயக்கர் என்று அடையாளம் சொல்வார்கள். அவர்களோடு மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் என்று ஒருவரையும் காட்டுவார்கள். அவர் பிறந்தது 1794-ல். திப்பு இறந்த பிறகு, 1799-ல் ஐந்து வயதுப் பிள்ளையாக அரியணையில் உட்காரவைக்கப்பட்டவர். திப்புவின் மாளிகைச் சுவரில் அவர் பெரிய ராஜாவாகத் தர்பார் நடத்த வேண்டுமானால், அந்த உருவம் திப்புவுக்குப் பிறகு வந்ததாகத்தான் இருக்க முடியும்.

லண்டனில் ஏலம் போனது இந்த ஓவியமா?

சுவரைப் பெயர்த்துக்கொண்டு போகவில்லை, பயப்பட வேண்டாம். ஏலம் போனது இதே போர்க் காட்சியின் காகிதப் பிரதி. பத்துக் காகிதங்களை ஒட்டிச் சுமார் 32 அடி நீளம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கும்பெனி அதிகாரி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது. 2022 மார்ச்சில் சோத்பிஸ் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. நம் கணக்கில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல்.

டல்ஹவுசி காலத்துத் திருத்தத்துக்கு முன்பே இந்தக் காகிதம் கடல் தாண்டிவிட்டது. அதனால் சுவரில் பின்னால் எது மாறியது என்று ஒப்பிட்டுப் பார்க்க இது ஒரு சாட்சி. எனக்கு ஏல விலையைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் செய்தது போல மேல் அடுக்கைப் பிரித்து அடியில் இருப்பதைப் பார்க்க முடியாதா?

நல்ல கேள்வி. அங்கே 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு தொல்லியல் துறையினர் மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தைச் சாந்தோடு சேர்த்துப் பெயர்த்துக் கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். இரண்டும் பிழைத்தன. அது நடந்ததற்குக் காரணம், நாயக்கர் ஓவியத்துக்கென்று தனிச் சாந்துப் பூச்சு இருந்தது. பிரிப்பதற்கு அது பிடிமானம்.

வண்ணத்தின் மேலேயே வண்ணம் ஏற்றிய சுவரில் அந்த வித்தை பலிக்காது. மேலே இருப்பதைக் கரைக்கும் திரவம் கீழே இருப்பதையும் சேர்த்துக் கரைத்துவிடும். அப்படியே பிரிக்க முடிந்தாலும், டல்ஹவுசி காலத்து அடுக்குக்கே இப்போது 170 வயது. அதைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? அடியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க அகச்சிவப்புக் கதிர்ப் படங்கள் உதவும். கரிக்கோட்டில் போட்ட முதல் வரைவு சில வண்ணங்களுக்கு அடியில் இருந்தாலும் அதில் தெரியும். சுவரைத் தொடவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு மங்கல்? நல்ல பெயின்டர் ஒருவரை விட்டுப் பளிச்சென்று ஆக்கிவிடலாமே?

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் ராமர் பட்டாபிஷேகம் ஞாபகம் வரும். கும்பகோணத்திலிருந்து சீராக வந்த தஞ்சாவூர்ப் படம். கண்ணாடியில் கீறல் விழுந்ததென்று சட்டம் போடும் கடையில் கொடுத்தோம். 'கொஞ்சம் டச்சப் பண்ணித் தரட்டுமா' என்று கேட்டிருக்கிறார், அப்பாவும் சரி என்றிருக்கிறார். திரும்பி வந்தபோது ராமருக்குக் கதவுக்கு அடிக்கும் எனாமல் நீலம். சீதைக்குக் காலண்டர் முகம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. படத்தைச் சாமி அறையில் மாட்டாமல் அலமாரிக்குப் பின்னால் சாய்த்துவைத்தார்.

பல வருடம் கழித்து அதை ஓவியப் பாதுகாப்பு வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பல் குச்சி அளவு மூங்கில் முனையில் பஞ்சைச் சுற்றி, ஏதோ திரவத்தில் நனைத்து, ராமரின் தோள் ஓரத்தில் உளுந்து அளவு இடத்தில் உருட்டினார். பஞ்சில் நீலம் ஏறியது. உடனே கையை எடுத்துவிட்டார். 'இது மேல் நீலமா, அடி நீலமா? அது தெரியாமல் இரண்டாவது தடவை உருட்ட மாட்டேன்' என்றார். பூதக்கண்ணாடி, வேறு திரவம், மறுபடி ஒரு உளுந்து. ஒரு முழு மத்தியானத்தில் அனுமார் வால் பக்கம் ஒரு தபால்தலை அளவு திறந்தது. உள்ளே இருந்தது பாசி படிந்த குளத்துத் தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. சீதையின் முகத்தை அவர் தொடவில்லை. எனாமல் அங்கே பழைய வண்ணத்தோடு பிடித்துக்கொண்டதாம்.

பளிச்சென்று ஆக்குவது ஒரு நாள் வேலை. அதைத் திரும்ப எடுப்பது நடக்கிற காரியமில்லை. தரியா தௌலத் சுவரில் ஏற்கெனவே இரண்டு தடவை அது நடந்திருக்கிறது. மூன்றாவது வேண்டாம்.

அப்படியானால் இன்று பாதுகாப்பு வேலை என்றால் என்னதான் செய்வார்கள்?

பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத வேலை. முதலில் சுவருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார்கள். கூரை ஒழுகினால் ஓவியத்தை என்ன செய்தும் பயனில்லை. ஈரம் உள்ளிருக்கும் உப்பை வெளியே தள்ளும். உப்புப் பூத்தால் வண்ணம் செதில் செதிலாக எழும்பும். எழும்பிய செதிலின் மேல் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டி, அடியில் ஊசியால் பசை ஏற்றி, மெல்ல அழுத்தி உட்காரவைப்பார்கள். பாரலாய்டு என்ற பிசினை இதற்குப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அசிட்டோனில் கரையும் என்பதால், பின்னால் வருபவர் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

வண்ணம் முழுசாக உதிர்ந்த இடத்தில் மட்டும், எளிதில் கழுவி எடுக்கக்கூடிய வண்ணத்தால் நிரப்புவார்கள். ரோம் நகரத்துப் பள்ளி இதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்தது. நிரப்பும் இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் போடுவது. நாலடி தள்ளி நின்றால் ஓவியம் முழுசாகத் தெரியும். மூக்கு உரசக் கிட்டே போனால் கோடு தெரியும், 'இது என் கை, பழையதில்லை' என்று.

உள்ளே ஏன் அவ்வளவு இருட்டு?

தாழ்வாரத்தைச் சுற்றித் தொங்கும் பச்சைத் திரைகள் வெயிலைத் தடுக்கத்தான். வெளிச்சம் செய்யும் கெடுதல் கூடிக்கொண்டே போகும், ஒரு நாளும் குறையாது. வெளுத்தது வெளுத்ததுதான். உள்ளே நுழைந்ததும் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும். படம் எடுக்கக் கூடாது என்பதும் விதி. காவலரோடு சண்டை போடாதீர்கள்.

அப்துல் கலாம் பார்த்த ஓவியம் இதுதானா?

இல்லை. அவர் 1963-ல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் நாசாவின் ராக்கெட் தளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது வரவேற்புக் கூடத்தில் பார்த்தது வேறு ஓவியம். அதிலும் திப்புவின் படைதான், ராக்கெட் விடும் காட்சி. அதனால்தான் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக நேரமில்லை. பெங்களூரிலேயே ஏதாவது?

கே.ஆர். மார்க்கெட் பக்கத்துத் திப்பு கோடை அரண்மனை. ஹைதர் தொடங்கி 1791-ல் திப்பு முடித்தது. இதுவும் தேக்குத் தூண்கள். போர்க் காட்சி கிடையாது, பூ வேலைதான், அதிலும் பெரும்பகுதி பழுப்பேறிவிட்டது. 1860களில் அட்டார கச்சேரி (இன்றைய உயர் நீதிமன்றக் கட்டடம்) கட்டும் வரை இங்கேதான் அரசுச் செயலகம் நடந்தது. குமாஸ்தாக்கள் மேஜை போட்டு உட்கார்ந்த சுவரில் இவ்வளவு மிஞ்சியதே அதிகம்.

எங்கள் வீட்டிலும் பழைய படம் ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஈரத் துணியால் துடைக்காதீர்கள். வெளிச்சுவரில், குளியலறைச் சுவரில் மாட்டாதீர்கள். தஞ்சாவூர், மைசூர்ப் படங்களில் தங்க ரேக்குக்கு அடியில் இருப்பது மக்கு, அதாவது பொடியும் பசையும் கலந்த பூச்சு. தண்ணீர் பட்டால் ஊறி, ரேக்கோடு எழும்பிவிடும். யாரிடமாவது கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், குமார கிருபா சாலையில் சித்ரகலா பரிஷத் வளாகத்தில் இன்டாக் அமைப்பின் ஓவியப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, அங்கே முதலில் காட்டுங்கள். வேறு யாரிடம் கொடுத்தாலும், வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். 'அதெல்லாம் எதுக்கு சார்' என்றால் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எப்படிப் போவது?

பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் சுமார் 125 கிலோமீட்டர். மைசூர் விரைவுச்சாலையில் காருக்குப் பிரச்சினை இல்லை. பைக்குக்கு அனுமதி கிடையாது, பக்கச் சாலையில்தான் போக வேண்டும். மைசூர் போகும் ரயில்கள் பல ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிற்கும், அங்கிருந்து ஆட்டோ. வயதானவர்கள் இருந்தால் நான் ரயில்தான் சொல்வேன்.

புள்ளலூரில் இப்போது பார்க்க என்ன இருக்கிறது?

வயல்களுக்கு நடுவே இரண்டு நினைவுத் தூண்கள். காஞ்சிபுரம் போகும் நம் ஆட்கள் பட்டுச் சேலைக் கடையோடு திரும்பிவிடுவார்கள், இங்கே வருவது அபூர்வம். பெய்லி தோற்ற போருக்கான தூண்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அவை 1781-ல் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கானவை. பெய்லி தோற்றதற்கு அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27-ல், ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையோடு வந்து அதே இடத்தில் ஹைதரோடு மறுபடி மோதினார், அந்தத் தடவை ஹைதர் பின்வாங்க வேண்டியிருந்தது. தரியா தௌலத் சுவரில் அந்த இரண்டாவது போர் இல்லை.